ஏழாம் அத்தியாயம்: தாய்மாமனுக்கு ஒரு பழைய சைக்கிள்

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் புறப்படுபவர் அதனைப் பாதையோரத்தில் காணமாட்டார்; லயத்துக் கோடிப்புறத்திலோ, விறகுக் கொட்டிலின் தாழ்ந்த கூரைக்குக் கீழேயோ, காற்றுப் போன சக்கரங்களோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோழிகள் இராத்தங்கும் கம்பாக மாறிவிட்ட நிலையிலேதான் பெரும்பாலும் காண்பார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில், ஏறினால் மூச்சு வாங்குவதும் இறங்கினால் நெஞ்சு பதறுவதுமான பாதைகளையுடைய இவ்வூரில் சைக்கிள் ஒருபோதும் எல்லாருடைய வாகனமாகவும் இருந்ததில்லை. கொழுந்து மலைக்கு நடந்தே போய் நடந்தே திரும்பிய ஜனங்களிடையே, தபால் பை சுமந்தவர், கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடமே அது இருந்தது. அவர்களும் ஏற்றங்களில் அதனைத் தள்ளிக்கொண்டே போய், சமமான இடங்களில் மட்டும் ஏறி அமர்ந்தார்கள். ஆகையால் இங்கே அகப்படும் வண்டிகள் வெளியே துருவேறிக் கிடந்தாலும் உள்ளுறுப்புகள் அதிகம் தேயாமல் இருப்பதுண்டு.

அத்தகைய வண்டி ஒன்றைச் செப்பனிட்டு, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ குடியிருக்கும் தாய்மாமன் ஒருவருக்குப் பரிசாக அனுப்புவதே இந்த அத்தியாயத்தின் விஷயம். தாய்மாமன் என்று வைத்தது உதாரணத்துக்காக. பெரியப்பாவாகவும் அக்காள் புருஷனாகவும் இருக்கலாம். ஊர்ப் பெயர்களைச் சொன்னது மட்டும் உதாரணத்துக்காக அன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ்த் தோட்டங்கள் கைமாறிய காலத்துப் பட்டினியாலும், 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களாலும் மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் பல வன்னியிலே காடு வெட்டிக் குடியேறின. அதனால் இன்று மலைநாட்டில் ஒருவரிடம் தாய்மாமன் எங்கே என்று விசாரித்தால், வன்னிப் பக்கம் என்ற விடை கிடைப்பது அபூர்வமன்று. மலையிலே பாதி வழி தள்ளிக்கொண்டு போகவேண்டிய இந்த வண்டி, அந்தச் சமதரையில் கடைக்கும் வயலுக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மனிதனைச் சுமந்து செல்லும் அன்றாட வாகனம். யுத்த காலத்தில் எரிபொருளும் மின்சாரமும் அற்றுப்போனபோது வடக்கிலிருந்தோர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாடு முழுவதையும் வரிசையில் நிறுத்தியபோது, அதுவரை சைக்கிளை மறந்திருந்த கொழும்பு நகரத்தாரும் அதனைத் தேடி அலைந்தார்கள். ஆகவே நாம் செய்யப்போவது சுவரிலே சாய்த்து வைத்துப் பார்க்கும் அலங்கார வஸ்துவன்று. பெற்றுக்கொள்பவர் அதில் ஏறி ஓடப்போகிறார், அவருக்கு வயதும் ஆகிவிட்டது என்ற இரண்டு சங்கதிகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், எதைப் புதுப்பிப்பது, எதைத் தொடாமல் விடுவது, பணத்தை எங்கே செலவிடுவது என்ற வினாக்களுக்கு அநேகமாகத் தாமாகவே விடை கிடைத்துவிடும்.

வண்டி இன்னதென்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்குமாயின் அது பிரித்தானிய மரபில் வந்த வண்டி என்று கொள்ளலாம். ராலே, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகியவையும், அவற்றைப் பின்பற்றி இந்தியாவில் செய்யப்பட்டவையும் இக்கணக்கையே தழுவின. பின் சக்கரத்தின் ஹப் தடித்துப் பருத்து, அதன்மேல் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் பொறித்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அது மூன்று கியர்களைத் தன் வயிற்றுக்குள்ளேயே அடக்கிய சாதனம். பெயருக்கு அருகே இருக்கும் இலக்கங்கள் அது பிறந்த ஆண்டையும் மாதத்தையும் சொல்லும். 56, 3 என்று இருந்தால் 1956 மார்ச் என்று பொருள். வண்டியின் வயதை ஊகிக்க இதைவிட நம்பத்தக்க சாட்சி வேறில்லை, ஒருவர் இடையில் சக்கரத்தை மாற்றியிராத பட்சத்தில். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுகிய பின், கையிலிருந்த வண்டியையே ஒட்டியும் பற்றவைத்தும் ஓட்டவேண்டிய நிர்ப்பந்தம் இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தபடியால், ஒரு கம்பெனியின் சட்டத்தில் வேறு கம்பெனியின் கிராங்கைக் காண்பது சகஜம். அதைக் குறையென்று கருதவேண்டாம்.

விலை பேசுமுன் சட்டத்தைச் சோதியுங்கள், ஏனென்றால் சட்டம் ஒன்றே மாற்றவியலாதது. பின் சக்கர அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, அதனை ஹேண்டில் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கத்து அச்சிடத்தில் விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாயின் இரு பக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்தால், இரண்டும் சமமாயிருக்கும்வரை வண்டி நேராக ஓடும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் பேதம் மன்னிக்கத்தக்கது. குழாய்கள் சந்திக்கும் மூட்டுகளிலும் போர்க்கின் தோள்களிலும் பெயின்ற் மயிரிழையாய் வெடித்திருந்தால், அது பெயின்றின் வெடிப்பா இரும்பின் வெடிப்பா என்று சுரண்டிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கலாகாது. இரும்பே வெடித்திருந்தால் அந்த வண்டி கோழிகளுக்கே இருக்கட்டும்.

இனி, காலம். திம்புள்ளைப் பிரதேசத்துத் தேயிலை தன் சிறந்த மணத்தை அடைவது ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட குளிர்நாட்களில் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பெயின்ற் நன்றாகக் காய்வதும் அதே மாதங்களில்தான். மே மாதத்துக்குப் பின் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால், தூறலும் மூடுபனியும் மாறிமாறி வரும் அந்த ஈரக் காற்றில் பூசிய பெயின்ற் பளபளப்பிழந்து வெண்மை பூத்துப் போகும். சுத்தம் செய்து வைத்த இரும்பு மறுநாட் காலையிலேயே செம்மை தட்டும். ஆகையால் மழைக்காலத்தில் கழற்றுவது, கழுவுவது, உதிரிப்பாகம் தேடுவது ஆகிய காரியங்களை முடித்துக்கொண்டு, பெயின்ற் வேலையைத் தைப்பொங்கலுக்குப் பின் வைத்துக்கொள்வதே உசிதம்.

உபகரணங்களில் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆங்கிலேய வண்டிகளின் நட்டுகள் இன்று கடைகளில் விற்கும் மில்லிமீற்றர் ஸ்பானர்களுக்குச் சரியாகப் பொருந்தா. பொருந்துவதுபோல் தோன்றி, பலத்தைக் கொடுத்ததும் வழுக்கி, நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். இதற்கு விட்வர்த் அளவுள்ள ஸ்பானர்கள் வேண்டும். அவற்றைத் தேடிக் கொழும்புக்குப் போவதற்குமுன் உங்கள் தோட்டத்து ஸ்டோரின் பிட்டரை ஒருமுறை கண்டு பேசுங்கள். கொழுந்தை உருட்டவும் உலர்த்தவும் இங்கிலாந்திலிருந்து மார்ஷல் கம்பெனியாரும், பெல்பாஸ்ற்றிலிருந்து சிரோக்கோ என்ற பெயரால் டேவிட்சன் கம்பெனியாரும் அனுப்பிய பழைய யந்திரங்களைப் பராமரித்த ஸ்டோர்களில் அந்த அளவுள்ள சாவிகள் பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். இல்லாவிட்டாலும் நல்லதொரு வைஸ் நிச்சயமாக இருக்கும். அதில்லாமல் இந்த வேலையைச் செய்ய முனைவது வீண் பிரயாசை.

கழற்றுவதற்குமுன் எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி இதற்கென்றே அமைந்ததுபோல் உதவும். பிறகு மூட்டுகள் யாவற்றிலும் மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். திருகுகளில் இரண்டு இடங்கள் மற்றவற்றுக்கு மாறானவை: இடது பெடலும், கிராங்க் அச்சின் வலப்பக்கத்துக் கப்பும் இடமுறையாகத் திருகு வெட்டப்பட்டவையாதலால் கடிகாரமுள் போகும் திசையிலே திருகினால்தான் கழலும். இதை அறியாமல் நீண்ட குழாயை மாட்டி எதிர்த்திசையில் இழுத்து நாசமாக்கப்பட்ட கிராங்குகளுக்குக் கணக்கில்லை.

கிராங்கைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்னைப்பற்றி விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் பழைய சைக்கிளில் மனிதருடைய பொறுமையைச் சோதிக்கும் உறுப்பு இதுபோல் இன்னொன்றில்லை. அதன் நட்டைத் தளர்த்தி, முழுதும் எடுத்துவிடாமல், பின்னின் நுனிக்குச் சமமாக வரும்வரை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். சுத்தியல் அடியை நட்டும் பகிர்ந்துகொள்வதால் திருகு நசுங்காது. அடிக்குமுன், பின்னின் தலைப்பக்கத்தில் அதன் தலை உள்ளே போகத்தக்க துளையுள்ள இரும்புக் குழாய்த் துண்டொன்றை நிலத்திலிருந்து கிராங்கின் அடிவரை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளேயிருக்கும் குண்டுகளின் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி விழுத்திவிடும்; பின் கழன்றாலும் அச்சு கெட்டது கெட்டதுதான். பல சிற்றடிகளைவிடக் கனமான சுத்தியலால் தயங்காமல் கொடுக்கும் ஓரடி மேல். பழைய பின்னை மீண்டும் போடவேண்டாம். புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், பருமனில் சிறு பேதமுள்ள வகைகள் உண்டு. திரும்பப் பூட்டும்போது, வலது கிராங்கில் மேலிருந்து செருகினால், அதே நிலையில் இடது கிராங்கில் கீழிருந்து செருகவேண்டும். இரண்டையும் ஒரே திசையில் செருகினால் பெடல்கள் நேர்க்கோட்டில் நில்லா.

குண்டுகள் மலிவானவை, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கிராங்க் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள் வரும். கப்பையும் கோனையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஓடுபாதை மங்கியிருந்தாலும் வழவழப்பாக இருந்தால் போதும், குழிகள் இருந்தால் மாற்றவேண்டும். ராலே கம்பெனியார் தங்கள் நொட்டிங்ஹாம் ஆலையில் கிராங்க் அச்சுக்கு மற்றையோர் பின்பற்றிய 24 திருகுக்கு மாறாக அங்குலத்துக்கு 26 திருகு வெட்டியதால், ராலே வண்டிக்கு வேறு கம்பெனியின் கப் ஏறாது. பழைய கப் உருப்படியாக இருந்தால் அதைக் கண்போலக் காப்பாற்றுங்கள். செயினைத் தொங்கவிட்டு அளந்தால், இருபத்துநான்கு கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வரவேண்டும். எட்டிலொரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் அது பற்சக்கரத்தையும் தின்னத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

துருவைப் போக்குவதில் பலருக்குப் பல சித்தாந்தங்கள். குரோமியப் பூச்சுள்ள ஹேண்டிலுக்கும் ரிம்முக்கும், நீரில் நனைத்த அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்ப்பதே போதுமானது. மென்மையான அந்த உலோகம் குரோமியத்தைக் கீறாமல் துருவை மட்டும் எடுக்கும். பூச்சற்ற சிறு உறுப்புகளைத் தென்னை வினாகிரியில் ஓரிரவு போட்டு வைத்து, மறுநாள் பித்தளைத் தூரிகையால் தேய்த்துச் சோடா கலந்த நீரில் கழுவி உடனே எண்ணெய் பூசலாம். ஆனால் குரோமியம் பூசியவற்றை அதில் ஊறவிட்டால், பூச்சின் வெடிப்புகளினூடே புளிப்பு இறங்கி உரித்துவிடும். குழாயின் உட்புறம் போன்று கை புகாத இடங்களில் துருவை முற்றாக நீக்க முடியாது. அங்கே அதனைச் சாந்தப்படுத்துவதே வழி. துவர்ப்புப் பொருள் இரும்புத்துருவோடு கூடினால் கருநீலமான, நீரில் கரையாத படலமாக மாறுகிறது. கடைகளில் துருமாற்றி என்று விற்கப்படும் திரவங்களில் பலவற்றின் உயிர் இந்த இரசாயனமே. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சென் கூம்ஸ் தோட்டத்தில் வைத்திருக்கும் இந்த ஊரில் தேயிலைத்தூளுக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். கடுஞ்சாயத் தேநீரும் இரும்பைக் கறுக்கச் செய்வது மெய்தான். ஆயினும் கடுக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்த கஷாயம் இக்காரியத்துக்கு அதனினும் வலிமை வாய்ந்தது. உதிரும் துருவைச் சுரண்டியபின் இரண்டு முறை பூசிக் காயவிட்டு, அதன்மேல் எண்ணெயோ பெயின்ற்றோ பூசாமல் விட்டால் மட்டும் பயனில்லை.

பெயின்ற் விஷயத்தில் என் அபிப்பிராயம் பலருக்கு உவப்பாயிராது. சட்டத்தில் பழைய பெயின்ற் பாதிக்குமேல் உயிரோடிருந்தால் அதனை உரிக்கவே கூடாது. கழுத்திலுள்ள பித்தளைச் சின்னம், மட்காட் ஓரத்துப் பொன்வரி, உள்ளூராட்சி மன்றம் வண்டிவரி வாங்கிக்கொண்டு கொடுத்த சிறு தகரத் தகடு, முன்னே ஓட்டியவர் சீட்டுக்குப் பின்னால் ஆணியால் கீறிய எழுத்து ஆகியவை ஒருமுறை போனால் திரும்பி வராதவை. மின்னும் புதுப்பெயின்றையோ எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்த வண்டி உங்கள் தாத்தாவுடையதாக இருந்து, மாமா சிறுவயதில் அதன் குறுக்குக்குழாயில் அமர்ந்து பள்ளிக்கூடம் போனவராக இருந்தால், சின்னஞ்சிறு நெளிவையும் அவர் கை தேடும். தோல் உரிந்த இடங்களை மட்டும் தண்ணீரிலே தேய்க்கும் சாண்ட் பேப்பரால் ஓரம் மழுக்கி, பிரைமர் கொடுத்து, அதே நிறத்தில் மெல்லிய தூரிகையால் நிரப்பி, முழுவதற்கும் மெழுகு ஏற்றிவிட்டால் போதும்.

மாறாக, சக்கரத்திலும் பிரேக்கிலும் எந்தச் சிக்கனமும் வேண்டாம். டயரும் டியூப்பும் புதிதாகவே இருக்கட்டும். பெரிய ஆண்கள் வண்டியானால் 28 × 1½ என்ற அளவு. இக்காலத்து டயரில் 40-635 என்றும் அச்சிட்டிருக்கும். சக்கரம் கோணலாயிருந்தால், வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சுழற்றி, ரிம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் வலப்பக்கத்து ஹப்பிலிருந்து வரும் கம்பிகளைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அவசரப்பட்டு ஒரே கம்பியில் முழுக்கோணலையும் எடுக்க முயன்றால் ரிம்மின் வட்டம் கெட்டுவிடும். இறுக்கிய கம்பிகளின் நுனி ரிம்முக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்து, அதன்மேல் ரிம் நாடாவைச் சுற்றிய பிறகே டியூப்பைப் போடவேண்டும்.

கம்பிப் பிரேக்குள்ள வண்டியில் கட்டைகள் ரிம்மின் பக்கத்தை அன்று, உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இழுவைக் கம்பிகளின் மூட்டு ஒவ்வொன்றிலும் தளர்ச்சி சிறிது சிறிதாகச் சேர்ந்து, கைப்பிடியை முழுவதும் இழுத்தாலும் கட்டை ரிம்மைத் தொடாத நிலை வந்துவிடும். ஆகவே மூட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாமல் நிறுத்துங்கள். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பு பெரிதும் குறைந்துவிடும் என்பது இவ்வகை வண்டியின் பிறவிக்குணம். வன்னியில் மழை பொழியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாமா அதை நினைவில் வைத்திருக்கவேண்டும். சோதனையைச் சென் கிளயர் நீர்வீழ்ச்சிப் பக்கத்து இறக்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம். வண்டியின் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடியுங்கள், பின் சக்கரம் நிலத்தைவிட்டு எழும்ப வேண்டும்; பின் பிரேக்கைப் பிடியுங்கள், சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். அவ்விதம் நடந்த பிறகே ஏறுவது.

மூன்று கியர் ஹப்புள்ள வண்டியானால் இன்னொரு ஜாக்கிரதை. நடுக் கியரில் வைத்து, வலப்பக்க அச்சு நட்டிலுள்ள சாளரத்தின் வழியாகப் பார்த்தால், உள்ளிருந்து வரும் செயின் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சரிசமமாகத் தெரியவேண்டும். அது தவறினால், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே எதையும் பிடிக்காத ஒரு நிலை ஏற்பட்டு, ஓங்கி மிதிக்கையில் பெடல் திடீரென்று வெறுமையாய்ச் சுழலும். இளைஞன் சமாளித்துக்கொள்வான், அறுபதைத் தாண்டியவர் விழுவார். ஹப்புக்குள் கிரீஸ் அடைக்கக்கூடாது. அதற்கென்றுள்ள சிறு மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் சில துளிகள் விடுவதே முறை.

பெறுபவருக்கு அளவெடுப்பது பரிசின் இரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே செய்யவேண்டிய வேலை. அதற்கு அத்தையைவிட நல்ல துணையில்லை. “அத்தை, மாமா இப்பவும் சாரம் கட்டிக்கிட்டுத்தான் சைக்கிள் ஓடுறாரா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டால், “வேற என்னத்தக் கட்டிக்கிட்டு ஓடுவாரு?” என்ற பதிலிலேயே ஒரு தீர்மானம் பிறந்துவிடும்: செயினை முழுவதும் மூடும் பெரிய கவர் வேண்டும், பாதி மூடும் தகடு போதாது, சாரத்தின் ஓரம் பற்சக்கரத்தில் சிக்கினால் விளைவு விபரீதம். அவருடைய காற்சட்டை ஏதேனும் இருந்தால் அதன் உட்காலின் நீளத்தை அத்தை அளந்து சொல்லட்டும். பெடல் கீழே நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளும் உயரமே பொதுவாகச் சீட்டின் உயரம் என்பார்கள். வயதானவருக்கு அதைவிட ஓரங்குலமேனும் தாழ்த்தி, நிறுத்தும்போது இரு பாதங்களும் தரையைத் தொடும்படி வைப்பதே என் வழக்கம். முழங்காலுக்குச் சிறிது சிரமம், உயிருக்குப் பெரிய லாபம். தோற்சீட் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, தேன்மெழுகு கலந்த கொழுப்பை அடியிலிருந்தும் மேலிருந்தும் மெல்லப் பூசுங்கள். தேங்காயெண்ணெயில் ஊறவைத்தால் தோல் தொய்ந்து தொட்டில்போலாகிவிடும்.

அனுப்பும் வழிகள் இரண்டு. 1885இல் நானுஓயாவை எட்டிய மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் தலவாக்கலையிலிருந்து பொல்காவலைச் சந்திவரை வந்து, அங்கிருந்து வடபகுதிப் பாதையில் ஏற்றலாம். யுத்தத்தால் அறுந்துபோன அந்தப் பாதை 2013இல் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. மண்சரிவாலும் திருத்த வேலைகளாலும் சேவைகள் தடைப்படுவதுண்டாகையால், பொதியை ஏற்பார்களா என்று நிலைய அதிபரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மற்றது, தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகள். தெரிந்த சாரதி இருந்தால் அதுவே சௌகரியம். எதுவானாலும் பெடல்களைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்து, கொழுந்து பறிப்போர் இடுப்பில் கட்டும் பழைய படங்கு ஒன்றால் சட்டத்தைச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

கழற்றிய பெடல்களை வலது, இடது என்று எழுதிச் சீட்டின் அடியில் கட்டும்போதே, உபரியாக இரண்டு கொட்டர் பின்களையும், வால்வுக்குரிய இறப்பர்க் குழாய்த்துண்டு சிலவற்றையும், ஒரு கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். புதிதாக அடித்த கொட்டர் பின் முதல் சில நாள் ஓட்டத்தில் மேலும் உள்ளே அமிழுமாதலால், ஒரு கிழமைக்குப் பின் அதன் நட்டைத் திரும்பவும் இறுக்கவேண்டும். செய்யாமல் விட்டால் கிராங்க் ஆடத் தொடங்கிப் பின்னை வளைத்துவிடும். புதுக் கம்பிகளும் ஒரு மாதத்தில் இளகும். மாமாவே செய்துகொள்ளத்தக்க வேலை எது, பக்கத்துச் சைக்கிள் திருத்தும் கடைக்குக் கொண்டுபோகவேண்டிய வேலை எது என்று அக்கடிதத்தில் தெளிவாகப் பிரித்து, எழுத்தைச் சற்றுப் பெரிதாக எழுதுங்கள்.